தம்பி, அது சைக்கிளா லாரியா?

கேட்டவர் ஒரு பெரியவர். இருட்டில் எதிரே நடந்து வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். ஒரு கை கண்ணை மறைத்திருக்க, இன்னொரு கை முன்னால் காற்றைத் துழாவியது. நான் பிரேக் பிடித்து, ஹேண்டில்பாரில் இருந்த லைட்டை உள்ளங்கையால் பொத்தினேன். விரலிடுக்கில் சதை சிவப்பாகத் தெரிந்தது, கை சுட்டது. “மன்னிச்சுக்கோங்க ஐயா” என்றேன். “லைட்டு போடு, வேணாங்கல. ரோட்டுக்குப் போடு. என் மூஞ்சிக்கு எதுக்குப் போடறே?” என்றார். சொல்லிவிட்டு, கண் பழகும் வரை அங்கேயே நின்றார். நானும் நின்றேன். அவர் திரும்ப நடக்க ஆரம்பிக்க நெடுநேரம் ஆனது போலிருந்தது எனக்கு.

அந்த லைட்டை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் வைத்திருந்த லைட்டைப் போல ஒரு டஜன் வாங்கலாம், அந்த விலைக்கு. இரண்டாயிரம் லூமென். லூமென் என்பது லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. வீட்டில் யாரும் கேட்காமலேயே அறை விளக்கை அணைத்துவிட்டு எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டியிருந்தேன், பகல் மாதிரி இருக்கிறது பார் என்று. அந்தப் பெருமையைப் பெரியவர் ஒரே கேள்வியில் இறக்கி வைத்துவிட்டார். விலை உயர்ந்த சைக்கிள் லைட் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று இப்போது யாராவது கேட்டால், அவர் சொன்ன இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்: வெளிச்சம் எங்கே போய் விழுகிறது?

அதற்கு முன்னால் அந்த மலிவு லைட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது இல்லாமல் நான் அந்த இரண்டாயிரம் லூமெனுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

பெட்டியில் பத்தாயிரம் லூமென் என்று போட்டிருந்தது. உள்ளே இரண்டு 18650 பேட்டரி செல்கள். ஒவ்வொன்றின் மேலும் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தார்கள். எம்ஏஎச் என்றால் மில்லி ஆம்பியர் மணி, செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு. 18650 என்பது ஏதோ ரகசிய எண் இல்லை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். அந்தச் சின்ன உருளைக்குள் நல்ல நிறுவனங்கள் அடைப்பது 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான். கொஞ்சம் பெரிய 21700 செல் என்றால் 5000ஐ ஒட்டிப் போகும். 18650இல் 9900 என்பது உழக்குக்குள் ஒரு படியைக் கொட்டிவிட்டேன் என்று சொல்வதைப் போல. எனக்கு இது தெரிய வந்தது பின்னால்தான். சந்தேகப்பட்டு ஒரு செல்லைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன். நல்ல 18650 என்றால் 45 கிராமை ஒட்டி இருக்கும். என்னுடையது 31 காட்டியது. மிச்ச இடத்தில் என்ன இருந்ததோ, காற்றோ மணலோ, பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. லித்தியம் செல்லைப் பிரிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா என்று பார்க்க, கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல 18650 செல் ஒன்றில் 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. இரண்டு செல் என்றால் 25. எல்ஈடி, அதன் சர்க்யூட், லென்ஸ் எல்லாவற்றிலும் கழிவது போக ஒரு வாட்டுக்கு நூறு லூமென் வெளியே வந்தால் கௌரவமான லைட். ஆக ஆயிரம் லூமெனுக்குப் பத்து வாட் வேண்டும், இரண்டு செல்லில் இரண்டரை மணி நேரம் எரியும். பத்தாயிரம் லூமென் என்றால் நூறு வாட். உண்மையான செல்களே இருந்தாலும் கால் மணி நேரத்தில் காலி. அதற்குள் அந்தக் கையடக்க உடம்பு இஸ்திரிப் பெட்டி ஆகியிருக்கும். இரண்டாயிரம் லூமென், பத்து மணி நேரம் என்று யாராவது எழுதியிருந்தால் அதற்கு 200 வாட் மணி வேண்டும், பதினாறு செல். அதைத் தூக்க இன்னொரு சைக்கிள் வேண்டும்.

சரி, பொய் சொன்னால் சொல்லட்டும், வெளிச்சம் வந்தால் போதாதா? அப்படித்தான் நானும் நினைத்தேன். போட்டவுடன் பளீரென்று இருக்கும். பிரச்சினை, அது குறைவது தெரியாது. விலை மலிந்த லைட்டில் செல்லின் வோல்டேஜ் இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். கண்ணும் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டே போகும். ஒரு இரவு, கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும், சாலையில் ஒரு குழி. முன்சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் குழி என்று தெரிந்தது. ரிம் வளைந்தது, முழங்கையில் தோல் போனது. கீழே கிடந்தபடி லைட்டைப் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஊதுபத்தி முனை எரிவதுபோல.

நல்ல லைட்டில் காசு போகும் முதல் இடம் இதுதான். உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சர்க்யூட் இருக்கும். செல் தளர்ந்தாலும் வெளிச்சத்தை ஒரே அளவில் பிடித்துவைத்து, தீரப்போகும்போது முன்கூட்டியே சிவப்பு விளக்கு காட்டி, குறைந்த அளவுக்கு இறங்கி வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். நாம் விலை கொடுப்பது கடைசி அரைமணி நேரத்துக்கு. அதைப் பெட்டியின் மேல் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பெட்டியில் போடுவதிலும், நேர்மையாகப் போடுகிறவர்களிடம்கூட ஒரு நெளிவு உண்டு. கையில் பிடிக்கும் டார்ச்சுகளுக்காக அமெரிக்காவில் 2009இல் எஃப்எல் 1 என்றொரு தரநிலை வந்தது. சைக்கிள் லைட்டுக்காரர்கள் பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அதன்படி ‘எரியும் நேரம்’ என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம். ஆயிரம் லூமென், மூன்று மணி நேரம் என்றால் மூன்றாவது மணியின் முடிவில் நூறு லூமென்தான் மிச்சம் என்றாலும் அந்தக் கணக்கு சரியே. ‘200 மீட்டர் பாயும்’ என்பதும் அப்படித்தான். அந்த 200ஆவது மீட்டரில் இருக்கும் வெளிச்சம் கால் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு லக்ஸ்), அதாவது பௌர்ணமி நிலா அளவு. நிலா வெளிச்சத்தில் மனிதர்களை அடையாளம் காணலாம், மனசு லேசாகலாம், சாலையில் குழியைக் காண முடியாது.

குழியில் விழுந்தவன் என்ன செய்வான்? இருப்பதிலேயே பெரிய லைட்டாகப் பார்த்து வாங்குவான். வாங்கினேன். அந்த லைட்டை நான் குறை சொல்லவில்லை. உடம்பு முழுக்க அலுமினியம், பின்னால் காற்றுப் படத் துடுப்பு துடுப்பாகச் செதுக்கியிருந்தார்கள். எல்ஈடியில் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாக மாறாமல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டைக் கடத்தாவிட்டால் எல்ஈடியே கெட்டுப்போகும். ஓடும்போது காற்று குளிர்விக்கும். சிக்னலில் நின்றால் ஒரு நிமிடத்தில் கொதிக்க ஆரம்பித்து, லைட் தானாகவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். அந்த இரண்டாயிரம் லூமென் முழுதாக வருவது காற்று அடிக்கும்போது மட்டும்தான் என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

இன்னொன்றும் புரிந்தது. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மாற்றினால் இரண்டு மடங்கு தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். கொஞ்சம் கூடியது போல இருந்தது, அவ்வளவே. கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற, கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளி வேண்டும். பேட்டரியோ கணக்குத் தவறாமல் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். இப்படி ஒரு வியாபாரத்துக்கு நானே போய் விரும்பித் தலையைக் கொடுத்திருந்தேன்.

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். லூமென் என்பது குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. லக்ஸ் என்பது செடியின் வேரில் எவ்வளவு விழுந்தது என்பது. டார்ச் மாதிரி வட்டமாக ஒளி தரும் லைட்டை நேராக முன்னால் காட்டினால், பாதிக் குடம் வானத்துக்கும் மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் முகத்துக்கும் போய்விடும். மீதிப் பாதி சாலையில் விழும், அதுவும் கண்டபடி. சக்கரத்துக்கு நாலு அடி முன்னால் சுண்ணாம்பு கொட்டியதுபோல வெள்ளை, பார்க்க வேண்டிய இருபதாவது மீட்டரில் மங்கல். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். ஐந்து மீட்டரில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் இருபது மீட்டரில் விழும். ஆகவே நல்ல லைட் தூரத்துக்கு அதிகமாகவும் கிட்டத்துக்குக் குறைவாகவும் வேண்டுமென்றே பிரித்துக் கொடுக்க வேண்டும். கிட்டத்தில் பளீரென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகிவிடும். வாங்குபவருக்கோ கடையில் காட்டும்போது கிட்டத்துப் பளபளப்புதான் பிடிக்கிறது.

இந்தப் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகப் பிடிவாதமாகச் செய்பவர்கள் ஜெர்மன்காரர்கள். அவர்கள் சாலை விதியில் சைக்கிள் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. ஒளியின் மேல் ஓரம் கார் விளக்கைப் போலக் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றுவிட வேண்டும். பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் இருக்க வேண்டும். அதனால்தான் அங்கே செய்த லைட்டுகளில் லூமெனை விட லக்ஸைப் பெரிதாகப் போடுகிறார்கள். புஷ் உண்ட் முல்லர் நிறுவனத்தின் ஐக்யூ-எக்ஸ் என்ற லைட் சாலையில் 100 லக்ஸ் தருகிறது. அதற்குப் பேட்டரியே கிடையாது, சக்கரத்தின் நடுவே இருக்கும் டைனமோவில் ஓடுகிறது. அந்த டைனமோ 15 கிலோமீட்டர் வேகத்தில் தருவதோ 6 வோல்ட், 3 வாட். என் இரண்டாயிரம் லூமென் லைட் தின்றது கிட்டத்தட்ட இருபது வாட். அந்த மூன்று வாட் செய்யும் வேலையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

டைனமோ என்றதும் டயரில் உரசிக் கிர்ரென்று பாடும் அந்தப் பழைய புட்டி ஞாபகம் வரலாம். எனக்கும் வருகிறது. மிதித்தால் எரியும், நின்றால் அணையும், மழையில் டயர் வழுக்கினால் கண் சிமிட்டும். அதுவும் அதே மூன்று வாட்தான். அன்றைக்கு அது இழைபல்பில் போய் மஞ்சளாக அழுதது, இன்றைக்கு எல்ஈடியில் போய் சாலையைக் காட்டுகிறது. அதற்கும் முன்னால், 1890களின் கடைசியில், கார்பைடு விளக்கை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கால்சியம் கார்பைடு. சின்னக் குழாயைத் திருகினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து அசிட்டிலீன் வாயு கிளம்பும், தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் வண்டியை நிறுத்திக் குழாயைத் திருக வேண்டும். அவர்களோடு ஒப்பிட்டால் நாம் புலம்புவதற்கு ஒன்றுமில்லை.

பெரியவரைச் சந்தித்த மறுநாள் நான் செய்த காரியம் இன்னும் கேவலம். லைட் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். கண்ணாடியின் மேல்பாதியை மறைத்தால் ஒளியின் மேல்பாதியும் மறையும் என்பது என் விஞ்ஞானம். மறையவில்லை. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு துண்டும் அந்த வட்டம் முழுவதற்கும் ஒளி அனுப்புகிறது, ஆகவே மொத்தமும் மங்கியதே தவிர மேலே போவது போய்க்கொண்டே இருந்தது. போதாக்குறைக்குச் சூட்டில் டேப்பின் பசை உருகி ஒரு நாற்றம். அதைச் சுரண்டி எடுத்த கீறல் கண்ணாடியில் இன்னும் இருக்கிறது.

கடைசியில் வாங்கியது மூன்றாவது லைட். மேலோரம் வெட்டிய ஒளி, 80 லக்ஸ், பேட்டரியில் ஓடுவது. விலை இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு, முதலாவதைப்போல நான்கு மடங்கு. லூமென் இரண்டாயிரத்தில் கால்வாசிகூட இல்லை. முதல் இரவு ஓட்டியபோது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது, அந்தப் பளீர் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன்: சாலையின் ஓரக்கோடு, சரளைக்கல், ஒட்டுப்போட்ட தார், எல்லாம் ஒரே சீராக, கம்பளம் விரித்ததுபோல முன்னால் போய்க்கொண்டே இருந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் கண்ணைச் சுருக்கவில்லை.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 25 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். குழியைப் பார்த்து, மூளை ஒத்துக்கொண்டு, விரல் பிரேக்கை இழுக்க ஒன்றரை வினாடி, அதற்குள் பத்து மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் நிற்க இன்னொரு ஆறு மீட்டர். ஆக 16 மீட்டர், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். இதற்கு நாலைந்நூறு லூமென், ஒழுங்காக விழுந்தால், தாராளம். 40 கிலோமீட்டரில் இறக்கத்தில் வந்தால் கதை வேறு, நிற்பதற்கு 32 மீட்டர் வேண்டும். தூரம் இரண்டு மடங்கு, வேண்டிய ஒளி நான்கு மடங்கு.

அதனால் காட்டுப் பாதையில் இரவில் இறங்குகிறவர்களிடம் போய் ‘ஐந்நூறு லூமென் போதும்’ என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேர், பாறை, தாழ்ந்த கிளை எல்லாம் தெரிய வேண்டும். எதிரே கண் கூச ஆளும் இல்லை. அங்கே வட்ட ஒளிதான் சரி, இரண்டாயிரம் மூன்றாயிரம் என்று போவதிலும் நியாயம் இருக்கிறது. லூபின் போன்ற லைட் நிறுவனங்கள் பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்வதற்கு அங்கேதான் அருமை தெரியும். காட்டில் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று என்று இரண்டு லைட் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஹெல்மெட் லைட் மட்டும் என்றால் ஒளியும் பார்வையும் ஒரே இடத்திலிருந்து போகும், குழியின் நிழல் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், பாதை தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பாரில் தாழ்வாக இருக்கும் லைட் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் போடும், அந்த நிழல்தான் நமக்கு எச்சரிக்கை. பனிமூட்டத்தில் ஹெல்மெட் லைட்டைப் போட்டால் மூக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். ஒருமுறை போட்டுப் பார்த்தேன், அதோடு சரி.

வெட்டு ஒளியிலும் குறை இருக்கிறது. தலைக்கு மேல் தொங்கும் கிளை தெரியாது. எனக்கு அது ஹெல்மெட்டில் தட்டித்தான் தெரிந்தது. வளைவில் வண்டி சாயும்போது நாம் போகப்போகும் பக்கம் இருட்டாக இருக்கும். அப்படியும் தினமும் சாலையில் ஓட்டுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

இரவு முழுக்க ஓட்டுகிறவர்கள் தனி ஜாதி. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று 1891இலிருந்து இருக்கிறது. இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதிகபட்சம் 90 மணி நேரம். மூன்று நான்கு இரவுகளுக்கு எந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடுவது? அவர்களில் பலர் சக்கர டைனமோவுக்கு விலை கொடுப்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

காசு வேறு எங்கெல்லாம் போகிறது என்றால், அற்ப விஷயங்களில்தான். மாட்டும் பிடி முதலாவது. என் மலிவு லைட்டை ரப்பர் வளையம் போட்டு மாட்ட வேண்டும். ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் அது தலைகுனியும், நான் கையால் நிமிர்த்துவேன், அடுத்த மேட்டில் மறுபடி குனியும். ஆறு மாதத்தில் வளையம் வெடித்து அறுந்தது. அப்புறம் சார்ஜ் துளை. அந்த லைட்டில் டைப்-சி துளை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். போனோடு வந்த சி-டு-சி கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்துவிட்டார்கள், ஆகவே சார்ஜருக்கு அங்கே ஏதோ செருகியிருப்பதே தெரியாது. தண்ணீர்க் காப்பு என்பதிலும் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்து தாங்கும். அடைமழையில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம், மற்றவருக்கு நான்கே போதும்.

பின்விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. அதற்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு சிமிட்டவே கூடாது. பிரிட்டனில் 2005இலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 240 தடவை வரை சிமிட்டலாம். என் கட்சி நின்று எரிவது. சிமிட்டும் விளக்கு கண்ணில் படும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாது. மிச்சக் காசுக்குக் கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மேலும் கீழும் போய்வரும் அந்த இரண்டு வெளிச்சத்தைப் பார்த்தால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு இது மனிதன் என்று உடனே தெரிந்துவிடும். எந்த லூமெனும் அதைச் சொல்லாது.

இரண்டாயிரம் லூமென் லைட்டை விற்கவில்லை. இரவில் பஞ்சர் ஒட்டும்போது தலைகீழாக வைத்தால் கூரை முழுக்க வெளிச்சம். பயன்படுத்தாதபோது சார்ஜைப் பாதியில் நிறுத்தி வைக்கிறேன், லித்தியம் செல் முழு வயிற்றோடு கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டும்.

மூன்றாவது லைட்டுக்காக வீட்டுச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டேன். லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிளை ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒளியின் மேலோரம் சுவரில் 90 சென்டிமீட்டரில் விழ வேண்டும். ஐந்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் ஐம்பதாவது மீட்டரில் தரையைத் தொடும். அதற்கு மேல் யார் முகத்துக்கும் போகாது. லைட்டைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தக் கோட்டில் பிடித்துச் சரிசெய்வேன். போன வருடம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள், கோடு போய்விட்டது. அவர்கள் கிளம்பியதும் டேப்பை வைத்து அளந்து, ஈரம் காய்வதற்குள் மறுபடி போட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.